பட்டியலில் விடுபட்டது

அசுரன் இரணியன் பெற்ற வரத்தை ஒரு விதிப்புத்தகத்தின் பக்கமாக எழுதிப் பார்க்கலாம். ஆணால் சாவில்லை, பெண்ணால் சாவில்லை, இரண்டும் அல்லாதவராலும் இல்லை. மனிதனாலும் இல்லை, மிருகத்தாலும் இல்லை. உயிருள்ளது கொல்லாது, உயிரற்றதும் கொல்லாது. நீரும் நெருப்பும் காற்றும் ஒன்றும் செய்யாது. படைக்கலம் எதுவும் பாயாது. மண்ணிலும் சாகமாட்டான், வானிலும் சாகமாட்டான். உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. இரவிலும் இல்லை, பகலிலும் இல்லை. கம்பன் இதில் இன்னொன்றையும் சேர்க்கிறான்: கண் காண்கிற எதனாலும், மனம் நினைக்கிற எதனாலும் அவனுக்கு அழிவில்லை. இந்தக் கடைசி வரி என்னை வெகுநாளாகத் தொந்தரவு செய்கிறது. நினைத்துப் பார்க்கக்கூடிய அத்தனையிலிருந்தும் ஒருவன் தன்னைக் காத்துக்கொண்டுவிட்டால், அவனைக் கொல்ல வருகிறவன் யாரும் இதுவரை நினைத்தே பார்க்காத ஒன்றாக வர வேண்டும்.

புதுச்சத்திரத்தில் பேருந்து ஏறினால் சற்று நேரத்தில் நாமக்கல். ஊர் நடுவே ஒற்றைப் பாறையாக எழுந்து நிற்கும் மலையின் மேற்கு அடிவாரத்தில், அப்படி வந்த நரசிம்மரின் குடைவரை இருக்கிறது. கிழக்குப் பக்கம் அரங்கநாதர். 8ஆம் நூற்றாண்டை ஒட்டி அதியர் குல அரசர்கள் குடைவித்தவை என்பார்கள். அதியேந்திர விஷ்ணுகிருகம் என்ற பெயர் கல்வெட்டிலேயே இருக்கிறது. சின்ன வயதில் அந்தக் குகைக்குள் நான் பார்த்தது பயம்காட்டும் ஒரு சிங்கமுகத்தை மட்டும்தான். அதைத் திரும்ப நிதானமாகப் பார்க்க வைத்தது, கொஞ்சமும் எதிர்பாராத இடத்திலிருந்து வந்த ஒரு விளையாட்டு.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் பொங்கல் விடுமுறைக்கு வரும்போது ஒரு தடித்த புத்தகமும் பல முகங்கள் கொண்ட பகடைகளும் கொண்டுவந்தான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். ஒருவர் கதை சொல்லி; மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். கதைசொல்லி ஒரு குகையை, ஒரு காட்டை, ஒரு பூதத்தைச் சொற்களால் முன்னே வைப்பார். மற்றவர்கள் தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்லிப் பகடை உருட்டுவார்கள். பலகை வேண்டியதில்லை, வெற்றி தோல்வி என்று முடிவதும் இல்லை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் அமெரிக்காவில் வெளியிட்டது. முதலில் மூன்று சிறு புத்தகங்கள் அடங்கிய ஒரு பெட்டி, ஆயிரம் படிகள். இன்று உலகம் முழுக்க ஆடுகிறார்கள்.

எங்கள் திண்ணையில் நடந்த ஆட்டத்தில் ஓநாய் மனிதன் ஒருவன் வந்தான். பிள்ளைகள் வாளால் வெட்டினார்கள், காயம் இல்லை. ஈட்டி, காயம் இல்லை. அம்பு மழை, அப்போதும் இல்லை. 'இம்யூன்' என்று அக்கா மகன் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் முகம் சுருங்கியது. வெள்ளி பட்டால்தான் அந்த உடம்பில் காயம் ஏறும் என்று ஒரு கிழவி பாத்திரம் வழியாகக் கடைசியில் தெரியவந்தது. உடனே ஒரு சிறுமி, "ஏண்ணா, சேலத்துல வெள்ளிக்கா பஞ்சம்? அம்மாயி கொலுச உருக்கி அம்பு நுனிக்குப் பூசுனா ஆகாதா?" என்றாள். கொலுசுப் பட்டறைகள் நிறைந்த மண்ணில் வளர்ந்த பிள்ளைக்கு அது இயல்பாக வந்தது. அந்தக் கதையில் பட்டறை எங்கே இருக்கிறது, பட்டறைக்காரர் கொலுசை வாங்கிக்கொள்வாரா, அம்மாயி சம்மதிப்பாளா என்று அதன்பின் ஒரு மணி நேரம் ஓடியது. அன்று ஆட்டத்தில் ஆகச் சிறந்த நேரம் அதுதான். வாளால் வெட்டி முடித்திருந்தால் யாரும் அம்மாயியை நினைத்திருக்க மாட்டார்கள்.

அன்றிலிருந்து அந்த விதிகளை ஊன்றிப் படிக்கத் தொடங்கினேன். கைகாக்ஸ் எழுதி 1977இல் வந்த, பூதங்களின் தொகுப்பான மான்ஸ்டர் மானுவலில் பல பூதங்களின் பக்கத்தில் இப்படி ஒரு குறிப்பு இருக்கும்: குறைந்தது இத்தனை மந்திர வலு ஏற்றிய ஆயுதம்தான் படும். 2003இல் திருத்திய பதிப்பு இதை நுணுக்கமாக்கியது. இந்தப் பூதத்துக்கு வெள்ளி, அதற்குக் குறைந்த சூட்டில் அடித்த இரும்பு, இன்னொன்றுக்கு நன்மையின் பக்கம் நிற்கும் ஆயுதம் என்று பிரித்தது. 2014 பதிப்பில் கணக்கு எளிதானது: சிலவற்றுக்குப் பாதிக் காயம், சிலவற்றுக்கு இரட்டைக் காயம், சிலவற்றுக்கு எதுவுமே இல்லை. எலும்புக்கூட்டுக்கு நஞ்சு ஏறாது, ஆனால் தடியடி இரட்டிப்பாக விழும். வெட்டிய சதையை மறுபடி வளர்த்துக்கொள்ளும் டிரால் என்ற ராட்சதனைத் தீயும் அமிலமும்தான் தடுக்கும். 2025இல் வந்த புதிய மான்ஸ்டர் மானுவல், மந்திரமற்ற ஆயுதம் படாது என்ற அந்தப் பழைய விதியையே பெரும்பாலும் கைவிட்டுவிட்டது. ஓநாய் மனிதனைச் சாதாரண வாளாலேயே வெட்டலாம். ஆட்டம் தடையில்லாமல் ஓடட்டும் என்பதற்காகச் செய்திருப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓநாயின் உடம்பில் வாள் ஏறாமல் போன அந்தக் கணத்தில்தான் பிள்ளைகள் பகடையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்கள். அந்த யோசனையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கழித்தல் கணக்கு.

நம் பக்கத்தில் இந்த அறிவு விதிப்புத்தகம் இல்லாமலேயே புழங்குகிறது. உச்சிவேளையில் கறிச்சோறு கொண்டுபோகிறவள் தூக்குப்போசியில் ஒரு கரித்துண்டைப் போட்டுக்கொள்வாள். பிள்ளை பெற்றவள் படுக்கையில் இரும்பு இருக்கும். பேய் பிடித்தவளின் உச்சிமயிரைப் புளியமரத்தில் ஆணி வைத்து அறைவார்கள். இரும்புக்குப் பேய் பணியும் என்பது இரும்புத் தாது மலையான கஞ்சமலைப் பக்கத்துக்காரர்களுக்குப் புத்தகம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐரோப்பாவிலும் அதே நம்பிக்கைதான் இருந்தது. அங்கிருந்துதான் அது விளையாட்டுக்குள் போனது. வெள்ளி, இரும்பு, தீ: ஒரு பொருள், அதற்கு அஞ்சும் ஓர் உயிர். இந்த மட்டத்தில் அவர்கள் பூதமும் நம் முனியும் ஒரே சாதி.

அசுரர்கள் வேறு.

அந்த 1977 புத்தகத்திலேயே ராட்சசன் இருக்கிறான். இந்தியாவிலிருந்து வந்தவன் என்றுதான் சொல்கிறார்கள். புலித்தலை, குழல் வைத்துப் புகைக்கும் சுகவாசி. சாதாரண ஆயுதம் எதுவும் தொடாத அவனைப் பட்டவுடன் சாய்ப்பது ஒன்று: ஆசீர்வதிக்கப்பட்ட குறுக்குவில் அம்பு. இது வால்மீகியில் இல்லை, கம்பனில் இல்லை, எந்தப் பாட்டியின் கதையிலும் இல்லை. 1974இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிய 'கோல்சாக்: தி நைட் ஸ்டாக்கர்' தொடரின் ஒரு பகுதியில் ராட்சசனை அப்படித்தான் கொன்றார்கள். பிறகு அதே அம்பு விதியாகிவிட்டது. கடன் வாங்கியதில் எனக்கு வருத்தமில்லை. கதைகள் கடன் வாங்கித்தான் வாழ்கின்றன. நம்மிடமிருந்து ஒரு முகத்தை எடுத்துக்கொண்டவர்கள், அந்த முகத்தோடு இருந்த மிக நல்ல பொறியை விட்டுவிட்டுப் போனார்களே என்பதுதான் ஆற்றாமை.

அந்தப் பொறி வரம். ஓநாய் மனிதனுக்கு வெள்ளி ஆகாது என்பது அவன் உடம்பின் இயல்பு. அவன் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. அசுரனின் காப்பு அவன் தவமிருந்து, நின்று, ஊனுருகக் கேட்டு வாங்கியது. கேட்டவன் ஒருவன், கொடுத்தவன் ஒருவன், கேட்ட வாக்கியம் ஒன்று. வாக்கியம் என்று வந்துவிட்டால் அதை வாசிக்கத் தெரிந்தவன் உள்ளே நுழைந்துவிடுவான். இந்த வகையில் ஆகப் பழைய கதை நமுசியுடையது. பகலிலும் இரவிலும் கொல்லமாட்டேன், ஈரமானதாலும் உலர்ந்ததாலும் கொல்லமாட்டேன் என்று இந்திரன் அவனுக்கு வாக்குக் கொடுக்கிறான். பிறகு இருளும் ஒளியும் பிரியாத வேளையில் நீரின் நுரையால் அவன் தலையைக் கொய்கிறான். வேத காலத்திலேயே இருக்கிறது இந்தக் கதை.

வரத்தின் பட்டியல் கேட்டவனின் மனசைக் காட்டிக்கொடுக்கிறது. மகிடன் ஆண்களுக்கு எதிராகக் காப்புக் கேட்டான். பெண்ணைக் கணக்கில் எடுக்கவில்லை. இராவணன் தேவர், கந்தர்வர், இயக்கர் என்று அடுக்கிக் கேட்டான். மனிதன் எம்மாத்திரம் என்று விட்டுவிட்டான். யாரை ஏளனமாக நினைத்தார்களோ அந்த வழியாகத்தான் இருவருக்கும் சாவு வந்தது. பயந்தவற்றை எல்லாம் எழுதினார்கள், மதிக்காதவற்றை எழுதவில்லை.

இரணியன் இந்த இருவரையும்போல் இல்லை. அவன் யாரையும் ஏளனம் செய்து விட்டுவிடவில்லை. தம்பி இரணியாட்சனைத் திருமால் கொன்றதைக் கண்டவன்; இழப்பு தெரிந்தவன். அதனால் தேர்ந்த ஆவண எழுத்தரைப்போல எல்லை எல்லையாக அடைத்தான். நான்கு பக்கமும் எழுதிக் கையெழுத்து வாங்கினான். இரண்டிரண்டாக உலகத்தைப் பிரித்து இரண்டு பக்கத்தையும் அடைத்துவிட்டால் நடுவில் ஒன்றும் மிஞ்சாது என்று நம்பியதுதான் அவன் தவறிய இடம். உள்ளுக்கும் வெளிக்கும் நடுவே வாசற்படி இருக்கிறது. பகலுக்கும் இரவுக்கும் நடுவே அந்தி. மண்ணுக்கும் விண்ணுக்கும் நடுவே ஒரு மடி. மனிதனுக்கும் மிருகத்துக்கும் நடுவே அதுவரை எதுவும் இல்லை. ஆகவே அது உண்டாக வேண்டியிருந்தது. மற்ற அவதாரங்களில் இறைவன் இருக்கும் வடிவம் ஒன்றை எடுத்துக்கொள்கிறான்: மீன், ஆமை, பன்றி, மனிதன். நரசிம்மம் மட்டும் முழுக்க முழுக்க ஓர் அசுரனின் வாக்கியத்திலிருந்து பிறந்த வடிவம். அந்த உடம்பை வரைந்துகொடுத்தவனே இரணியன்தான்.

இந்தக் கதையைக் கம்பன் வைத்த இடம் இன்னும் வியப்பானது. வால்மீகியில் இரணியன் வதைப் படலம் கிடையாது. கம்பன் அதை யுத்த காண்டத்தில் வீடணன் வாயில் வைக்கிறான். கேட்டுக்கொண்டிருப்பவன் இராவணன். வரம் பெற்ற ஒருவனிடம், அவனைவிடப் பெரிய வரம் பெற்றவனுக்கு என்ன ஆயிற்று என்று தம்பி எடுத்துச் சொல்கிறான். விளையாட்டில் கிழவி வந்து வெள்ளியைப் பற்றிச் சொன்னாளே, அதே இடம். ஆனால் இங்கே சொல்லப்படுவது தாக்க வந்தவனிடம் அல்ல, காப்புடையவனிடம். உன் காப்பில் ஓட்டை இருக்கிறது என்று அவன் நன்மைக்காகச் சொல்கிறார்கள். இராவணன் கதையைக் கேட்டு முடித்து வீடணனை விரட்டுகிறான். பட்டியலில் மனிதன் இல்லை என்பதை அப்போதும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

நாமக்கல் குடைவரையில் இரணிய வதம் தனிப் புடைப்புச் சிற்பமாக இருக்கிறது. சிற்பி இந்தப் பட்டியலை எப்படிக் கல்லில் எழுதினான் என்று பார்க்கத்தான் இப்போது போகிறேன். சிங்கமுகமும் மனித உடலும் தெரிகின்றன. மடி தெரிகிறது, இரணியன் அதன்மேல் கிடக்கிறான். நகங்கள் தெரிகின்றன, ஆயுதமில்லாமல் நேரே வயிற்றில். மூன்று நிபந்தனைகளை அவன் செதுக்கிவிட்டான். அந்தியை எப்படிச் செதுக்குவான்? கல்லுக்குப் பொழுது கிடையாது. ஆனால் குடைவரை மேற்குப் பார்த்தது, சூரியன் இறங்கும் பக்கம். சிற்பி நினைத்துத்தான் அப்படி அமைந்ததென்று சொல்ல எனக்கு உரிமையில்லை; மேற்கே முகம் வைத்த கோயில்கள் பல உண்டு. இருந்தாலும் சாயங்காலம் அங்கே நிற்கும்போது நான்காவது நிபந்தனையும் நிறைவேறிவிட்டதாகத் தோன்றுகிறது.

கல்லால் முடியாததைக் கூத்து செய்கிறது. இரவு முழுவதும் ஆடும் கூத்தில் நரசிம்மம் வெளிப்படத் தூண் பிளக்கும் நேரம் பெரும்பாலும் கிழக்கு வெளுக்கத் தொடங்கும் நேரம்தான். விடியலும் சந்திதான், இரவும் இல்லை, பகலும் இல்லை. பார்ப்பவர்கள் அதை விளக்கிச் சொல்லாமலே உணர்கிறார்கள். புஜக்கட்டையும் கிரீடமும் பூண்டு இரவெல்லாம் அரங்கை ஆண்ட இரணியன் அந்த வெளிச்சத்தில் களைத்துத் தெரிவான். தஞ்சைப் பக்கத்து மெலட்டூர் பாகவத மேளாவிலும் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டிப் பிரகலாத சரித்திரம் ஆடுகிறார்கள். நரசிம்மர் முகமூடியைப் பூசையில் வைத்து, விரதமிருந்த ஒருவர் எடுத்து அணிகிறார்.

இதுவரை தந்தையைப் பற்றியே பேசிவிட்டேன். அந்த வீட்டில் காயம்படாதவர்கள் இரண்டு பேர்.

திருமாலை வணங்கிய மகன் பிரகலாதனை இரணியன் என்னென்ன செய்தான் என்று வரிசையாகப் பாருங்கள். ஆயுதங்களால் தாக்கச் சொன்னான், பாயவில்லை. தீயில் போட்டான், சுடவில்லை. பாம்புகளை ஏவினான். யானையை ஏவினான், அது பணிந்து நின்றது. கல்லில் கட்டிக் கடலில் தள்ளினான், கல் மிதந்தது. நஞ்சு கொடுத்தான். வெட்டு, தீ, நஞ்சு, மிதி, மூழ்கல்: விதிப்புத்தகத்தின் காய வகைகளைப்போல ஒவ்வொன்றாகச் சோதிக்கிறான். எங்கள் திண்ணையில் பிள்ளைகள் ஓநாய் மனிதன்மேல் வாள், ஈட்டி, அம்பு என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்களே, அதையேதான் மூவுலகாளும் அசுரன் தன் மகன்மேல் செய்துகொண்டிருக்கிறான். உலகத்திலேயே பெரிய காப்பைக் கேட்டு வாங்கியவன், இன்னொரு காப்பின்முன் கைபிசைந்து நிற்கிறான்.

அந்தப் பிள்ளை எதையும் கேட்டு வாங்கவில்லை. தவமிருக்கவில்லை, பட்டியல் போடவில்லை. எந்த வாக்கியத்தாலும் கட்டப்படாத காப்பு என்பதால் அதில் வாசித்துக் கண்டுபிடிக்க இடைவெளி கிடையாது. தந்தை தேடியது அந்த இடைவெளியைத்தான். தன் காப்பு எப்படிப்பட்டதோ அப்படித்தான் எல்லாக் காப்பும் இருக்கும், எங்கோ ஒரு நிபந்தனை விடுபட்டிருக்கும் என்று அவனுக்கு நினைப்பு. தேடித் தேடிக் கடைசியில் தூணைக் காட்டி, இதில் இருக்கிறானா உன் கடவுள் என்று கேட்கிறான். தன் பட்டியலில் விடுபட்டதன் கதவைத் தானே போய்த் தட்டுகிறான்.

பாரதக் கூத்தில் நம் ஊர்களில் ஓயாமல் ஆடப்படும் கர்ண மோட்சம் எனக்கு இந்த இடத்தில் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. பிறக்கும்போதே உடம்போடு ஒட்டிய கவசம் அவனுடையது. அதை யாரும் உடைக்கவில்லை, ஓட்டை தேடவில்லை. இந்திரன் வந்து கேட்டான், கர்ணன் அறுத்துக் கொடுத்தான். அக்கா மகனின் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். தன் காப்பைத் தானமாகக் கொடுக்கிற பூதம் ஒன்றுகூட அதில் இல்லை.

அதனால் இப்போது எங்கள் திண்ணை ஆட்டத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். எந்தப் பூதத்துக்கும் வெறும் 'இம்யூன்' போட முடியாது. யாரிடம் கேட்டது, எதற்குப் பயந்து கேட்டது, என்ன வார்த்தையில் கேட்டது என்று கதைசொல்லி எழுதி வைத்திருக்க வேண்டும். ஆட்டக்காரர்கள் விசாரித்து, அலைந்து, அந்த வார்த்தையைக் கண்டடைய வேண்டும். பிள்ளைகள் இதில் பெரியவர்களைவிடக் கெட்டிக்காரர்கள். வீட்டில் கேட்டு வாங்கும் அனுமதிகளில் எது விடுபட்டது என்று பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு ஏற்கெனவே உண்டு.

இரணியன் இறந்தபின் நடப்பதைக் கம்பன் மறக்காமல் சொல்கிறான். சினம் தணிந்த நரசிம்மர் பிரகலாதனிடம் என்ன வேண்டும் என்று கேட்கிறார். மறுபடியும் ஒரு வரம். அதே வீட்டில், தந்தையின் உடல் கிடக்கும்போதே. எலும்பில்லாத இழிந்த பிறவி எடுத்தாலும் உன்மேல் அன்பு மாறாதிருக்க வேண்டும் என்பதுதான் மகன் கேட்டது. எலும்பில்லாத உடம்பைவிடக் காப்பற்ற உடம்பு எது? அதில் இருக்கவும் அவன் சம்மதிக்கிறான். இறைவன் கேட்காததையும் கொடுக்கிறார்: உன் குலத்தார் எவ்வளவு குற்றம் செய்தாலும் இனி அவர்களைக் கொல்லமாட்டோம் என்று வாக்குத் தருகிறார்.

அந்த வாக்குக்கு நிபந்தனை எதுவும் இல்லை. உள்ளே, வெளியே, பகல், இரவு எதுவும் இல்லை. அதை மீறாமல் நிற்க வேண்டியவன் கொடுத்தவன் ஒருவன்தான். இரண்டு தலைமுறை கழித்துப் பிரகலாதனின் பேரன் மாவலி மூவுலகையும் பிடித்துக்கொண்டபோது அந்த வாக்கு வந்து குறுக்கே நிற்கிறது. இந்த முறை நகமும் மடியும் உதவாது, கொல்லக் கூடாது. ஆகவே திருமால் குள்ளனாக வந்து மூன்றடி மண் கேட்கிறான். நாமக்கல் குடைவரையில் இரணிய வதம் இருக்கும் அதே குகைக்குள், அந்தக் குள்ளன் வளர்ந்து நின்ற திரிவிக்கிரமனும் இருக்கிறான், ஒரு காலை மேலே தூக்கி. அத்தனை பெரிய உருவத்தால் மாவலியைப் பாதாளத்துக்கு அழுத்த முடிந்தது. கொல்ல முடியவில்லை. மாவலி இன்னும் சாகவில்லை என்றுதான் சொல்கிறார்கள்.